விதை மூட்டையில் அவித்த மல்லாட்டை

மூலக்குளத்தில் எங்கள் வீடு அப்போதுதான் தளம் போட்ட மெத்தை வீடாகியிருந்தது. வில்லியனூருக்கு அப்பால் இருந்த அத்தையின் வீடோ மழைக்கு ஒழுகும். அதனால் மார்கழி விதைப்புக்கான வேர்க்கடலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, மூட்டையாக ஆடியிலேயே எங்கள் உள்ளறையில் கொண்டுவந்து இறக்கினாள். தரையில் படாமல் பலகை, சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி.

"ஓட்டோட கெடந்தாத்தான் விதையில உசுரு நிக்கும். கட்ட அவுத்துடாதீங்க, ஈரக்காத்து பூந்துடும்" என்று அம்மாவிடம் சொன்னாள். ஒரு காயை என் காதருகே ஆட்டிக் காட்டினாள். கலகலவென்றது. உயிர் அப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டது தீனிச் சத்தம்.

அவள் பஸ் ஏறிய மறுநாளே கட்டை அவிழ்த்தேன். பள்ளிக்கூடப் பையில் ஒரு பிடி, பிறகு இரண்டு, பிறகு கணக்கே இல்லை. வகுப்பில் வள்ளலானேன். ஐப்பசிக்குள் மூட்டையின் தோள் சரிந்து இடுப்பு மடங்கிவிட்டது.

பயம் வந்தது, பயத்தோடு புத்தியும் வந்தது. ஞாயிறுதோறும் அப்பா கடற்கரையிலிருந்து அவித்த மல்லாட்டை வாங்கி வருவார். என் பங்கைத் தின்னாமல் மொட்டை மாடியில் காயப்போட்டு, மூட்டைக்குள் கொட்டினேன். வாராவாரம். அடைமழைக்கால வெயிலில் என்ன காய்ந்திருக்கும்! வெளியே பார்த்தால் காய்க்குக் காய் ஒன்றுபோலத்தான் இருந்தது. அந்த விரதத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மார்கழியில் அத்தை வந்தாள். விதைப்பருப்பின் சிவப்புத் தோல் உரியாமலிருக்கக் கையால்தான் உடைக்க வேண்டும். கட்டை அவிழ்த்ததுமே பூசண நாற்றம் கூடத்தை நிறைத்தது. முறத்தில் அள்ளி உடைத்தாள். பச்சைப் பூசணம், கரும்பூசணம். பாதிக்கு மேல் போயிருந்தது. ஒரு காயை உடைத்தவளின் கை அப்படியே நின்றது. உள்ளே பழுப்பாய், அவிந்து சுருங்கிப்போன பருப்பு. இன்னொன்றை உடைத்தாள், அதுவும் அப்படியே. என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நான் கட்டத் தொடவே இல்ல அண்ணி" என்றாள் அம்மா, அழாத குறையாக.

"இத்தன வருசமா மல்லாட்ட போடற, காய வெக்கத் தெரியலியேக்கா உனக்கு?" அப்பா சிரித்தார்.

"ஆமாண்டா தம்பி, அவசரத்துல அரக்காய்ச்சலா கட்டிப்புட்டேன்."

"இப்ப விதைக்கு யார்கிட்டப் போய் நிப்ப?"

"கொழுந்தன் வூட்லதான் கேக்கணும்."

வரப்புத் தகராறில் இரண்டு வருடமாக இவளும் அவர்களும் முகம் பார்த்துப் பேசாத வீடு அது. அப்பாவின் சிரிப்பு நின்றது. அத்தை முறத்தில் இருந்த அந்தப் பழுப்புப் பருப்புகளை மட்டும் பொறுக்கி, அப்பா அம்மா கண்ணில் படாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். உண்மையைச் சொல்ல எனக்கும் வாய் இருந்தது. நாலு மாதமாக ஓயாமல் மென்ற வாய்.

கிளம்பும்போது, கெடாத காய்களில் ஒரு பிடியை என் கையில் திணித்தாள்.

"தின்னு கண்ணு. பச்சையாத் திங்கத்தான உனக்குப் புடிக்கும்."

அத்தை ஏமாந்துவிட்டாள் என்ற நிம்மதியில், அவள் தெருமுனை திரும்புமுன்பே உடைத்துத் தின்னத் தொடங்கினேன். எனக்குப் பச்சைதான் பிடிக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.