நகர்ந்துபோன எண்

போனை வைத்துவிட்டு ஒரு நர்ஸ் ஓடிய சத்தம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஏற்காட்டில், ஏரிக்கு மேலே வாடகைக்கு எடுத்த மாடியில் நாங்கள் நாலு பேர் வேலை செய்துவந்தோம். எங்கள் குழுவின் லீட் பக்கத்து ஊரான செம்மநத்தத்துக்காரர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அன்று அவர் பேசிக்கொண்டிருந்தது சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியோடு. மூச்சுத் திணறலுக்காக அவருடைய அப்பாவை அங்கே சேர்த்திருந்தார்கள்.

எங்கள் வேலை கம்பைலர் என்ற மென்பொருளை உருவாக்குவது. எழுதிய நிரலை நேரடியாக இயந்திர மொழிக்கு மாற்றுவது அதுதான். அந்த நிரல் ஓடும்போது, வேலை முடிந்த தரவுகளை அகற்றி நினைவகத்தைக் காலி செய்யும் பகுதியை அக்கா புதிதாக எழுதியிருந்தார். மிச்சமிருக்கும் தரவுகளை அது இடம் மாற்றி நெருக்கி அடுக்கும். அதுவரை நின்று நின்று ஓடிய நிரல் இப்போது தடங்கலில்லாமல் ஓடியது. எங்களுக்கெல்லாம் பெருமை. கட்டிலருகே ஆக்சிஜன் அளவைக் காட்டும் திரைகளைத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று அதைப் பயன்படுத்தத் தொடங்கியது.

அன்று மதியம்தான் அந்த நிறுவனத்திலிருந்து செய்தி வந்திருந்தது. எங்கோ ஒரு திரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டு நின்றதாம். படித்ததுமே அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. விரலில் மாட்டும் கருவியிலிருந்து அளவை வாங்கும் பகுதி வேறொரு மொழியில், சி மொழியில் எழுதியது. நாங்கள் தரவை நகர்த்தியது அதற்குத் தெரியாது. அது நினைவகத்தின் பழைய முகவரியிலேயே புதிய அளவை எழுதிக்கொண்டிருக்கும். திரையோ நகர்ந்த இடத்தில் கிடக்கும் பழைய எண்ணைப் படிக்கும். அதே நிறுவனத்தின் திரைதான் அவருடைய அப்பாவின் தலைமாட்டிலும் இருந்தது. உடனே அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏனுங்க சிஸ்டர், திரையப் பாக்காதீங்க. எங்கப்பாவப் பாருங்க."

நர்ஸின் குரல் வந்தது: "ஆக்சிஜன் தொண்ணூத்தேழுன்னு நல்லாத்தானுங்க காட்டுது... ஐயோ, நகமெல்லாம் நீலமா இருக்குதுங்க!" போனை எங்கோ வைத்துவிட்டு ஓடும் சத்தம் கேட்டது.

நான் எழுந்தேன். "அக்கா, ஜீப் சொல்றனுங்க. நீங்க கெளம்புங்க."

"மலையெறங்குனா பாதி வழியில சிக்னல் போயிரும். மத்த கட்டல்லயும் ஆளுங்க படுத்திருக்காங்கல்ல?"

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தப்பு எங்களுடையது, எல்லா ஆஸ்பத்திரிக்கும் உடனே சொல்லுங்கள் என்று அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டுச் சொன்னார். புதிய பகுதியை எடுத்துவிட்டுப் பழையதைப் பொருத்தினார். அவர் தட்டத் தட்ட நான் பக்கத்தில் நின்று சரிபார்த்தேன். வரிகள் என் கண்ணில் ஏறவே இல்லை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். அனுப்பி முடித்த பிறகுதான் ஜீப்பில் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் பனி மூடியிருந்தது. சிக்னல் இல்லாத போனை அவர் மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். அடிவாரம் வந்ததும் அதைத் திருப்பிப் பார்க்க இருவருக்கும் துணிவில்லை.

ஆஸ்பத்திரியில் அப்பா ஆக்சிஜன் முகமூடியோடு கண் விழித்துப் படுத்திருந்தார். "ஏங்கண்ணு, நொம்ப பயந்துட்டயா?" என்றார்.

"இல்லீங்கப்பா," என்றார் அக்கா. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வேறு மொழியில் எழுதிய பகுதியிடம் கொடுத்த தரவை, அது திருப்பித் தரும்வரை இப்போது நாங்கள் நகர்த்துவதில்லை. கொஞ்சம் வேகம் குறைந்தது. அப்பா மறுபடி மிளகுக் கொடி பார்க்கப் போகிறார். போன வாரம் புதிய பதிப்பு தயாரானது. எல்லாச் சோதனையிலும் தேறியது. "நீயே அனுப்பு," என்றார் அக்கா. அனுப்பினேன். வீட்டுக்குக் கிளம்பும் நேரம் தாண்டியும் இரண்டு பேரும் எழுந்திருக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.