வாசகசாலையின் தாழ்ப்பாள்

நேற்று சூளை முத்தையாவின் பிணத்தோடு சுடுகாடுவரை போனவர்கள் அவருடைய இரண்டு மகன்கள், எங்கள் வாசகசாலைச் செயலாளராக இருந்த தம்பிமுத்து அண்ணர், பிறகு நான். ரயில்வே லயன் வீராசாமி வரவில்லை. வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கொள்ளி வைக்கும்வரை ரோட்டுப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வருகையில் பிரிக்பீல்ட்ஸ் முனையில் ஒருவன் சுவரில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மாவுப் பசை. உங்களுக்கு அந்த வாடை பிடிக்குமோ என்னவோ, எனக்கு அது வாசகசாலை வாடை. கிழிந்த பழைய பத்திரிகைகளை ஒட்டி அடுக்கும் வேலையை அங்கே நானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா தண்டவாளக் கூலி. ரயில்வே லயத்தில் எங்களுக்கு இருந்த ஒரே விளக்கு அடுப்படிக்குத்தான் சரியாக இருக்கும். படிக்க வேண்டுமென்றால் வாசகசாலைதான்.

அது செங்கல் சூளை முதலாளி ஒருவர் அந்தக் காலத்தில் கட்டிய பழைய மாடிவீடு. கீழே சீனர் ஒருவரின் சாமான் கிடங்கு. அப்போது அவர்தான் சொந்தக்காரர். மாடியை வாடகையில்லாமல் விட்டிருந்தார். ஒரே நிபந்தனை: போலீஸ் ஒரு தடவை படியேறினால் நாங்கள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். தம்பிமுத்து அண்ணர் அதைக் காலையும் மாலையும் எங்களுக்கு ஞாபகப்படுத்துவார். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே கிளார்க்கு, உரக்கத் தும்முவதற்குக்கூட யோசிப்பவர்.

பத்திரிகைகளை நீளமான மரக்கம்புகளின் பிளவில் செருகிச் சட்டத்தில் மாட்டியிருப்போம். ஜன்னலோரம் ஒரு மேசை. அதன்மேல் பழைய புகைப்படங்கள், இடிந்த சூளைகளிலிருந்து பொறுக்கி வந்த முத்திரை குத்திய செங்கற்கள். ஆமாம், எங்களுக்குச் சரித்திரப் பைத்தியம் பிடித்திருந்தது. இந்த ஊர் வளர்ந்த கதையை எழுதி வைப்பதென்று இளைஞர்கள் ஐந்தாறு பேர் முடிவு செய்தோம். கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த முனியாண்டி சூலத்தை முதலில் நட்டது யார்? அதிலிருந்து தொடங்கலாம், பெரியவர்களையே கேட்போம் என்றோம். எங்கள் புத்தியைப் பாருங்கள், எல்லோரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே அறைக்குக் கூப்பிட்டோம்.

முனியாண்டி கோயில் திருவிழாவில் முதல் பரிவட்டம் யார் தலையில் கட்டுவது என்பது அந்த ஒரு கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. முத்தையா சூளைக்காரர்களோடு வந்தார். வீராசாமி, தண்டவாளக் கூட்டத்துத் தலைவர், தம் ஆட்களோடு வந்தார். நான் இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு பென்சிலைச் சீவி உட்கார்ந்திருந்தேன்.

"மொதக் கல்லு வேகறதுக்கு முன்னாடியே சூலத்த நட்டது எங்கப்பன்லா. அப்ப இங்க ரயிலும் கெடையாது, இவனும் கெடையாது" என்றார் முத்தையா.

"ஒங்கப்பன் நட்டது கள்ளுக்கடைப் பந்தக்காலு. பாம்பு கடிச்சு எங்காளு செத்த எடத்துல நாங்க நட்டதுடா சூலம்!"

"அண்ணே, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க" என்றேன் நான். பந்தக்கால் வரைக்கும் எழுதியாகிவிட்டது.

முத்தையா மேசையிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்து வீசினார். அது வீராசாமியின் வாயில் விழுந்தது. அவர் துப்பிய ரத்தத்தில் பல் இருந்தது. அடுத்த நொடி ஆளாளுக்குச் சட்டத்திலிருந்து கம்புகளை உருவினார்கள். அன்றைய செய்திகள் கம்பு முனையில் கொடிபோலப் பறக்க, மண்டைகள் பிளந்தன. ஒருவன் புகைப்படச் சட்டத்தைத் தூக்கி இன்னொருவன் தலையில் இறக்கினான். கண்ணாடி உடைந்து சட்டம் அவன் கழுத்தில் வளையமாக நின்றது. நான் மேசைக்கடியில் புகுந்துகொண்டேன்.

படியிறங்கி ஓடப் பார்த்தவர்களை முந்திக்கொண்டு தம்பிமுத்து அண்ணர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். "ஒருத்தரும் வெளியால போகக் கூடாது! றோட்டிலை ரத்தத்தைக் கண்டா பொலிஸ் வரும், அறை போயிடும்!"

அதுதான் வினையாகிப் போயிற்று. ஓடியிருக்க வேண்டியவர்கள் ஓட வழியில்லாமல் திரும்பி நின்று அடித்தார்கள். எவனோ என் விரல்களை மிதித்து நசுக்கினான். வீராசாமியின் கையிலிருந்த கம்பு பாதியில் முறிந்தது. அந்தச் சிம்பு முனையால்தான் அவர் குத்தினார்.

முத்தையா கதவில் மோதி விழுந்தார். "கதவத் தொறங்கய்யா... கண்ணு போச்சு... தொறங்க..."

அடித்தவர்கள் கம்புகளைக் கீழே போட்டார்கள். அண்ணரின் கை தாழ்ப்பாளில் இருந்தது. அவர் அலமாரிகளை ஒரு தடவை பார்த்தார். நான் மெல்லச் சொன்னேன்: "படியில விழுந்துட்டாருன்னு சொல்லிரலாம்ணே. போலீஸ் மாத்தா வரமாட்டான்."

"படியோ தம்பி கண்ணிலை குத்தினது?"

தாழ்ப்பாளை நீக்கினார். முத்தையாவை முதுகில் சுமந்து ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷா ஏற்றிவிட்டு, அதே ரத்தச் சட்டையோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னார், தாம் கதவைப் பூட்டியது உட்பட. மறுநாள் சாவியைக் கொண்டுபோய்ச் சீனரிடம் கொடுத்தார்.

இப்போது அந்த மாடியிலும் அரிசி மூட்டைகள்தான். பத்திரிகைகளைக் கச்சான் பூத்தே என்ற வறுகடலை விற்பவர் எடைக்கு வாங்கிப் போனார். நாங்களே கடலை வாங்கித் தின்று, பொட்டலத்தைப் பிரித்துப் படித்திருக்கிறோம். கிளை லைன் போட இடம் வேண்டுமென்று ரயில்வே கேட்டபோது சூலத்தையும் பிடுங்கினார்கள். தடுக்க இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வரவில்லை. பரிவட்டம் கட்டும் வழக்கமும் அதோடு போயிற்று. வீராசாமி ஆறு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். முத்தையாவின் கண்ணுக்குக் கோர்ட்டு விதித்த ஈடு அறுபது வெள்ளிப் பணம்.