காலி வண்டியைக் காட்டின மேடம்

தன் மேசையை மேடம் பிடுங்கிக்கொண்டதைக் கோந்து பல வருஷமாக மனசிலேயே வைத்திருந்தான். கல்லூரி நூலகத்தின் பின்னறையில் அவனுக்கு வேலை. புதுப் புத்தகத்தின் முதுகில் எண் சீட்டு ஒட்டுவான். பெயரும் அப்படி வந்ததுதான். ஜன்னலோரம் தனி மேசை, முனகாத நாற்காலி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனுக்கு அது பெரிய பதவி.

மேடம் தலைமைக்கு வருவதற்கு முன்னால், புத்தகப் பெட்டி வந்தால் முத்திரை என்கிறவன் பிரிப்பான். முத்திரை குத்துகிறதால் அவனுக்கும் அந்தப் பெயர். குத்திவிட்டுத் தள்ளுவண்டி நிறையும்வரை உட்கார்ந்திருப்பான். அடுத்து எண் போடும் மேசை, அது தலைமையில் இருக்கிறவருடையது. அங்கேயும் வண்டி நிறையணும். அப்புறம் கம்ப்யூட்டரில் ஏற்றும் பெண், கடைசியில் கோந்து. கேட்ட பையன் படிப்பை முடித்துக் கல்யாணமும் பண்ணிக்கொண்ட பிறகு புத்தகம் வெளியே வரும். குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தவனை யாரும் ஏனென்று கேட்டதில்லை.

அந்தம்மா வந்து கொஞ்ச நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் பஸ் ஓட்டுகிறவர், இரவா பகலா என்று தெரியாத வேலை. வீட்டுப் பாரம் மொத்தமும் இவள் தலையில். மத்தியானச் சாப்பாட்டை நின்றபடியே முடிப்பாள். ஒரு காலையில் மேசைகளை நடுவில் இழுத்து ஒன்றாகப் போட்டாள். இனி ஒரே வண்டி. கையளவு எடு, முடி, அடுத்ததை எடு. எல்லாரும் எல்லா வேலையும் பழகணும் என்றாள். நாலு பேர் ஒரே தட்டில் கையை விடச் சொல்றாங்க என்றான் முத்திரை. கோந்து வீட்டில் புலம்பினான். அந்த மேசையையே கட்டிக்கிட்டிருக்கலாமே என்று சொல்லிவிட்டு அவன் பெண்டாட்டி பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

ஆனால் குவியல் கரைந்தது. மேலிடத்து அதிகாரி பார்க்க வந்தபோது மேடம் காலி வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு வந்து காட்டினாள். முகத்தில் அப்படியொரு களை. அவர் பாராட்டிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் முத்திரையை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இந்த வேலைக்கு இத்தனை பேர் எதற்கு என்றார்களாம். மேடம் மாடியேறிப் போய், கிழிந்த புத்தகங்களைச் சரிபண்ண ஆள் வேண்டும் என்று வாதாடினாள். காலி வண்டியைக் காட்டினது நீங்கள்தானே என்று அனுப்பிவிட்டார்கள். இறங்கி வந்தவள் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டாள்.

“குவிஞ்சு கிடந்தப்போ ஒருத்தனும் எட்டிப் பார்க்கல மேடம்,” என்றான் முத்திரை, போகும்போது. அவள் தலையாட்டினாள். கோந்துக்கு யாரையாவது திட்டணும்போல இருந்தது. அடுத்த சீட்டை எடுத்து ஒட்டினான்.

பிறகு மேடத்தின் முறை. எண் போடக் கம்ப்யூட்டர் பெண்ணுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டீர்களே, ரெண்டு பேருக்கு ஒரு தலைமை எதற்கு என்று கேட்டு, வேறொரு கட்டடத்தில் வாசலில் அடையாள அட்டை பார்க்கப் போட்டார்கள். மிச்சம் கோந்தும் அந்தப் பெண்ணும். அவளைக் கண்ணாடி என்று கூப்பிடுவார்கள். புருஷன் இடுப்பொடிந்து படுத்துக் கிடக்க, அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. கோந்து நிரந்தரம், அவள் ஒப்பந்தம். மேலிடம் இன்னொரு தடவை வந்து காலி வண்டியைப் பார்த்தால் போகப்போவது யார் என்று சொல்லவே வேண்டாம்.

மேடத்தின் கடைசி நாள் சாயங்காலம் கண்ணாடி பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டாள். கோந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேசை விஷயத்தை இன்றைக்காவது கேட்டுவிடணும் என்று நினைத்தான். கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டான். மேடம் பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“அண்ணே, அந்தத் துணியை வைங்க.”

வைத்தான்.

“பெட்டி வந்தா உடனே பிரிக்காதீங்க. உள்ளே வர்றவங்க கால்ல இடிக்கிற மாதிரி போட்டு வைங்க. கேட்டா ஆள் பத்தலைன்னே சொல்லுங்க. கண்ணாடிகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம், அவளுக்கு மெதுவா செய்ய வராது. அவ ஏத்தட்டும். நீங்க ஒட்டுறதை மெதுவா ஒட்டுங்க.”