போடாத மூடி உடைந்த கதை

"இன்னா நைனா, மூடி போட்டாச்சுன்னு போட்டுக்கீற? எங்க கீது மூடி? இந்தப் பேப்பர்லதான் கீது. இத்த விரிச்சு இதும் மேல ஆட்டோ வுடவா?"

தேசம்மாக்கா தாளை என் மேஜையில் அடித்த அடியில் டீ கிளாஸ் குதித்தது. அப்போது நான் திருவொற்றியூர் பக்கம் ஒரு கவுன்சிலர் அம்மா ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் காலடிப்பேட்டையில் டி.டி.பி. கடை வைத்திருந்தேன். மாதாமாதம் எந்தத் தெருப் புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று வார்டு மக்களுக்கு ஒரு தாள் அடிப்போம். எழுதுவதும் அடிப்பதும் நான்தான், கையெழுத்து மட்டும் கவுன்சிலர் அம்மாவுடையது. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் இதைப் படித்தால் நல்லது.

1. என் கைவண்ணம்

தேசம்மாக்கா தெரு முனையில் கால்வாய் குறுக்கே ஓடுகிறது. அதன் கான்கிரீட் மூடி உடைந்து ஒரு பலகைதான் கிடந்தது. ஆள் நடக்கலாம், ஆட்டோ நுழையாது. அவர் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அப்போது அவருக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி மெயின் ரோடு வரைக்கும் கொண்டுபோக வேண்டியிருந்தது.

கான்ட்ராக்டர் ஆட்கள் புது மூடியைத் தெரு முனையில் இறக்கி போட்டோ அனுப்பினார்கள். மூடி வந்துவிட்டது, நாளைக்குப் போட்டுவிடுவார்கள் என்று "முடிந்தது" என அடித்துவிட்டேன். பக்கத்து வார்டுத் தாளில் பதினாலு "முடிந்தது" இருந்தது, எங்களுக்குப் பதின்மூன்றுதான். கவுன்சிலர் அம்மாவுக்கு அது ஒரு வாரமாகத் தொண்டையில் முள்.

மறுநாள் அந்த மூடியை வேறு தெருவில் அவசரம் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு அது தெரியவே தெரியாது. போய்ப் பார்த்திருந்தால்தானே தெரியும்!

2. ஆபீஸ் மூளை

மாநகராட்சி இன்ஜினியரிடம் ஓடினேன். நல்ல மனுஷன்தான். எங்கள் தாளையே எடுத்து நீட்டினார்.

"உங்க கவுன்சிலர் அம்மாவே கையெழுத்துப் போட்டு முடிஞ்சதுன்னு சொல்லிட்டாங்களே. முடிஞ்ச வேலைக்கு நான் எப்படி சார் மறுபடி ஃபைல் போடறது?"

"சார், அங்க மூடியே இல்ல."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. புது மூடி மேல டிரெய்லர் லாரி ஏறி உடைஞ்சிடுச்சுன்னு அந்தத் தெருக்காரங்ககிட்ட ஒரு மனு வாங்கிட்டு வாங்க. உடைஞ்ச மூடிக்குப் பதில் மூடி உடனே குடுக்கலாம்."

இதைவிட நேரான வழி எனக்கு அன்று தோன்றவில்லை. அருமையாக மனு எழுதினேன். லாரி எந்தப் பக்கம் இருந்து வந்தது, எத்தனை துண்டாக உடைந்தது, எல்லாம் போட்டேன். தேசம்மாக்கா வீட்டுக்குப் போய்ப் படித்தும் காட்டினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"ஏன் நைனா, ஆட்டோவே வராத தெருவுல லாரி எப்டி வந்துச்சு?"

நான் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"சர்தான் வுடு. எனுக்கு மூடி வந்தா போதும், கையெழுத்து போட்டுத் தரேன். ஆனா நாளைக்கு அவரத் தூக்க ஒரு ஆளு கொறையுது. நீ வா."

3. நாற்காலியின் நாலாவது கால்

மறுநாள் காலை போனேன். பலகை ஒரு ஆள் அகலம்தான். நாற்காலியை நடுவில் தாங்கிப் பிடிக்க இரண்டு பேர் கால்வாய்க்குள் இறங்கியாக வேண்டும். ஒருவன் நான். முழங்கால் வரைக்கும் கறுப்புத் தண்ணீர், அய்யோ அந்த நாற்றம்! என் பக்கம் நாற்காலி சாய்ந்தது. அவர் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்க தம்பி. என்னால உனுக்கு பேஜாரு" என்றார்.

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேலே ஏறியதும் சட்டைப் பையில் இருந்த மனுவைக் கிழித்துப் போட்டேன்.

நேரே ஆபீஸுக்குப் போய் ஒரு துண்டுத் தாள் அடித்தேன். "மூடி போடப்பட்டது என்று சென்ற மாதம் எழுதியது தவறு. போடவில்லை. பார்க்காமல் எழுதியது நான்." கீழே என் பெயர்.

கவுன்சிலர் அம்மா கொதித்துவிட்டார். "நமக்கு நாமளே சூனியம் வெச்சுக்கறதா? உனக்கு புத்தி கித்தி கலங்கிடுச்சா?"

"என்னை வேலைய வுட்டுத் தூக்கிடுங்கம்மா. ஆனா இது எல்லார் வீட்டுக்கும் போகணும்."

என் பேன்ட்டையும் அதில் காய்ந்திருந்த சேற்றையும் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது, "மேல 'உண்மையை மறைக்காத வார்டு'ன்னு ஒரு வரி பெருசா போடு. பக்கத்து வார்டுல அது கெடையாது" என்றார். போட்டேன்.

அந்தத் துண்டுத் தாளைக் காட்டித்தான் இன்ஜினியர் ஃபைல் திறந்தார். பத்து நாளில் மூடி வந்தது. இந்தத் தடவை அது கால்வாய் மேல் உட்கார்ந்து, ஆட்டோ அதன்மேல் ஏறி வீட்டு வாசல் வரை போகிற மட்டும் நான் அங்கேயே நின்றேன். தேசம்மாக்கா தன் வீட்டுக்காரரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார். நன்றி சொல்வார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"மூடி மேல ஏறு" என்றார்.

ஏறினேன்.

"நல்லா மிதி."

மிதித்தேன்.

"ஆங். இப்ப போயி எழுது."