முத்தம்மாவின் நாலு கற்கள்

என் கணவர் பத்ரிநாராயணன் கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது பேச்சுக்குத்தான். மயிலாப்பூரில் யாருக்குப் பளபளவென்று ஒரு கல் அகப்பட்டாலும் எங்கள் வாசல் மணி அடிக்கும். வைரமா என்று கேட்பார்கள். அந்தக் கல்லால் இவர் கண்ணாடிச் சில்லைக் கீறுவார். கண்ணாடியில் கோடு விழும். வந்தவர் முகம் மலரும். பிறகு, வைரத்துக்கு அடுத்தபடி கடினமான குருந்தக்கல் ஒன்று வைத்திருக்கிறார், அதனால் அந்தக் கல்லைக் கீறுவார். அதிலும் கோடு விழும். வைரமென்றால் விழாது. "வெறும் வெங்கச்சாங்கல். ஆத்து மணல்ல கொட்டிக் கிடக்கு" என்று திருப்பிக் கொடுப்பார். பரீட்சைத் தாளில் அரை மார்க் கூட்டிப் போடாத மனிதர். வருகிறவர்களுக்குக் காபி கலந்து கலந்து எனக்குத்தான் அலுத்துவிட்டது.

போன வாரம் முத்தம்மா வந்தாள். எங்கள் குடியிருப்பின் மாடிப்படிகளைப் பெருக்கித் துடைப்பவள். அடையாற்றங்கரையில் இருந்த அவள் குடிசையை இடித்து, ஊருக்கு வெளியே வீடு கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறி வருவதால், வரும்போதே ஓய்ந்துபோயிருப்பாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலு வெள்ளைக் கூழாங்கற்களை மேசையில் வைத்தாள்.

"இதுல ஒண்ணு எங்க அம்மன், சார். எங்க மாமியா ஆத்துல எடுத்து வெச்சது. மருமவ சுத்தம் பண்றேன்னு மஞ்சளு குங்குமம் எல்லாம் போவ சோப்பு போட்டுக் கழுவி, பசங்க வெளாடுற கல்லோட கொட்டிட்டா. எதுன்னு தெரியாம வெளக்கே ஏத்தல. படிச்சவரு நீ, பாத்து சொல்லு சார்."

இவர் குருந்தக்கல்லை எடுக்கவில்லை. லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரிசலில் மஞ்சள் துளியாவது தங்கியிருக்கிறதா என்று தேடுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. நாலும் ஒரே வழவழப்பு, ஒரே வெளுப்பு. தெரியவில்லை என்று சொல்லித் தொலையுங்களேன் என்று எரிச்சலாக வந்தது. முத்தம்மாவோ அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் ஒன்றை எடுத்து நீட்டினார். "இதுதான்மா."

"மெய்யாலுமா, சார்?"

"ஆமாம்."

இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுதுகொண்டே படியிறங்கிப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து, "ஏன்னா, எப்படிக் கண்டுபிடிச்சேள்?" என்று கேட்டேன்.

"கண்டுபிடிக்கலை, ஜலஜா."

மற்ற மூன்றும் மேசையிலேயே கிடக்கின்றன. எடுத்து எறிய அவருக்கும் கை வரவில்லை, எனக்கும் வரவில்லை. தினமும் அவற்றைச் சுற்றித்தான் மேசையைத் துடைக்கிறேன்.