மூன்றாவது குட்டி

எங்கள் மாமாவுக்குப் பொங்கலுக்கு லீவு கிடையாது. அம்மாவின் தம்பி அவர். வெளியூரில் ஓர் உயிரியல் பூங்காவில் விலங்குக் காப்பாளர். காணும் பொங்கலன்று ஊரே திரண்டு புலியைப் பார்க்கப் போகும். புலியைப் பார்த்துக்கொள்ள அவர் இருந்தாக வேண்டும். அதனால் தை முடியப்போகும் சமயம்தான் எங்கள் ஊர் பூதலூருக்கு வருவார், சரியாக எங்கள் சம்பா அறுவடைக்கு. வந்தால் சும்மா இருக்க மாட்டார். கிளி வளர்த்தால் தப்பு, அணிலைப் பிடித்தால் தப்பு. "கூண்டுல அடச்சுச் சம்பளம் வாங்குற ஆளு நமக்குப் புத்தி சொல்ல வந்துட்டாரு" என்று அப்பா அவர் காதுபடவே சொல்வார். மாமா சிரித்துக்கொள்வார்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் அது. கதிரறுக்கும் மெஷின் வயலின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே போகும். வயலில் இருக்கிற ஜீவராசியெல்லாம் நடுவில் மிஞ்சும் திட்டுக்குள் ஒதுங்கும். அன்றைக்கு அந்தக் கடைசித் திட்டை நெருங்கியபோது, மெஷின் ஓட்டிய ஆத்தூர்க்காரர் சட்டென்று நிறுத்திவிட்டு, "பாப்பா, இங்க வந்து பாரு!" என்று கத்தினார். மூன்று காட்டுப்பூனைக் குட்டிகள். அப்பாவும் மாமாவும் தூரத்து வரப்பிலிருந்து வந்து சேர்வதற்குள் ஒரு குட்டி என் ஒயர் கூடைக்குள், துண்டுக்கு அடியில் போய்விட்டது. ஆத்தூர்க்காரர் பார்த்துவிட்டுக் கண்ணடித்தார், பாவி மனுஷன்.

மாமா குட்டிகளைத் தொடவே இல்லை. "இந்தத் திட்ட மட்டும் விட்டுடுங்க அத்தான். தாய் பக்கத்துலதான் எங்கயாவது இருக்கும். நாம நகந்தா சாயங்காலத்துக்குள்ள வந்து கவ்விக்கிட்டுப் போயிடும்."

"மழ வர்ற மாதிரி இருக்கு, பூனைக்கு நெல்லு விடச் சொல்றியா மாப்ள?" என்று அப்பா எகிறினார். ஆனாலும் மெஷினை அடுத்த வயலுக்கு அனுப்பினார்.

"ரெண்டுதானா?" என்று மாமா கேட்டார்.

"ரெண்டுதான் மாமா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்க மட்டும் வளக்குறீங்கல்ல? நான் வளத்தா என்ன?" என்று வேறு கேட்டு வைத்தேன்.

"நாங்க எங்க வளக்குறோம்? திரும்பிப் போக வழியில்லாததுக்குக் காவல் இருக்கோம். எங்க எடத்துல பாதி ஜீவன், அய்யோ பாவம்னு யாரோ ஆசையாத் தூக்கிட்டு வந்ததுதான்" என்றார். கூடைக்குள் சூடாக ஒன்று நெளிந்தது. ஓடிப்போய் வீட்டுக் கொல்லையில் சாக்குக்கு அடியில் ஒளித்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் மாமாவும் நானும் மோட்டார் கொட்டகை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். தாய் வந்தது. ஒன்றைக் கவ்விப் போயிற்று. திரும்பி வந்து இன்னொன்றையும் கொண்டுபோனது. முடிந்தது என்று நான் எழுந்தேன். மூன்றாவது தடவையும் வந்துவிட்டது. திட்டு முழுக்க மோந்து மோந்து சுற்றியது. வரப்பில் ஏறி நின்று கத்தியது. மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் மோட்டாரைப் பார்த்தேன்.

"எங்க வச்சிருக்க?"

அழுதுகொண்டே சொன்னேன். மாமா ஓடினார். குட்டியைக் கொண்டுவந்து திட்டில் வைத்தபோது தாய் போயிருந்தது. இருட்டும் வரை காத்திருந்தோம். மறுநாளும், அதற்கு மறுநாளும் வைத்துப் பார்த்தார். அது வரவே இல்லை. பிறகு வனத்துறையிலிருந்து வந்து, எழுதி வாங்கிக்கொண்டு குட்டியை எடுத்துப் போனார்கள். குட்டி கடைசியில் மாமாவின் பூங்காவுக்கே போய்ச் சேர்ந்தது.

மாமா என்னைத் திட்டவில்லை. எனக்கோ, சொல்ல வெட்கம்தான், உள்ளூரக் குஷி. மற்ற இரண்டும் எலிக்கு அலையும். என் குட்டிக்கு நேரத்துக்குக் கோழிக்கறி. பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் கோடை லீவில் கூட்டிப்போய்க் காட்டினார். நன்றாக வளர்ந்து, ரோமம் மினுமினுவென்று இருந்தது. கம்பி வலையை ஒட்டி இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே இருந்தது. போகும், திரும்பும், அதே தடத்தில் மறுபடியும் வரும். வலைக்கு அடியில் அந்தத் தடத்தில் மட்டும் புல் இல்லை. அது என் பக்கம் வரும்போதெல்லாம் நான் கையாட்டினேன்.

"மாமா, என்னய மறக்கவே இல்ல பாருங்க! என்னப் பாக்கத்தான் திரும்பத் திரும்ப வருது!"

மாமா "ம்" என்றார். நான் கை வலிக்கும்வரை ஆட்டிக்கொண்டிருந்தேன்.