சிதறால் மலைக்குப் பன்னிரண்டு மாடி

லிட்டில் இந்தியாவில் இருக்கும் சாகுல் ஹமீதின் பயண அலுவலகத்துக்குப் போனால், பாஸ்போர்ட்டை அப்புறம்தான் கேட்பார். முதலில் முழங்காலைப் பற்றித்தான் விசாரணை. பத்தொன்பது ஆண்டுகளாகக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆள் அனுப்புகிறவர். சுசீந்திரம் கோவிலில் நடை சாத்தும் நேரம், ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டிய இடம், பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுமுறை நாள் எல்லாம் அவருக்கு அத்துபடி. "பாய்க்குத் தெரிஞ்சது குருக்களுக்கே தெரியாது" என்று அந்தத் தேக்கா வட்டாரத்தில் கேலி பேசுவார்கள். கேலிதான், பொய்யில்லை. இத்தனைக்கும் மனிதர் ஒருமுறைகூட அந்தப் பக்கம் போனதில்லை. கடையை யார் பார்ப்பது? திரும்பி வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டதுதான் எல்லாம்.

அந்த மாவட்டத்துச் சிதறால் மலை ஏற ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும் ஒரு பரீட்சை உண்டு. குவீன்ஸ்டவுனில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடிப் புளோக்கில் பன்னிரண்டு மாடி படியேறிக் காட்ட வேண்டும். ஏறினால் மலை, இல்லாவிட்டால் அடிவாரத்தில் பஸ்.

அறுபத்தாறு வயது மங்களம் ஏழாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போதும்க்கா. நீங்க பஸ்லயே இருங்க லா," என்றார் சாகுல்.

"வேற கம்பெனியில மூணு தடவை போயிட்டேன் பாய். மூணு தடவையும் பஸ்ல உக்காந்து எல்லாரோட பையையும் பாத்துக்கிட்டேன். இந்தத் தடவையும் நான்தான் வாட்ச்மேனா?"

சாகுலுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் பரீட்சையைத் தளர்த்தவும் மாட்டார். பயணத்துக்கு நான்கு மாதம் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை காலைல வாங்க. நானும் ஏறுறேன்."

அழுதாலும் பிள்ளை அவளே பெற வேண்டும் என்பார்கள். ஏற வேண்டியது மங்களத்தின் கால்தான். ஆனாலும் வாராவாரம் இரண்டு படி கீழே, தண்ணீர்ப் போத்தலோடு சாகுலும் ஏறினார். எந்த ஏஜெண்ட் செய்வான், சொல்லுங்கள்! பத்தாவது மாடி மூன்று வாரம் படுத்தி எடுத்தது. பதினான்காவது ஞாயிறு மங்களம் பன்னிரண்டைத் தொட்டபோது, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது சாகுலுக்குத்தான்.

பயணம் போன மூன்றாம் நாள் காலை, அலுவலகத்தில் இருந்தவருக்கு வீடியோ கால் வந்தது.

"மேல நிக்கிறேன் பாய்! பையெல்லாம் டிரைவர் பாத்துக்கிறார்!"

மங்களம் போனைத் திருப்பினார். பாறையில் வரிசையாகச் செதுக்கிய சமணச் சிற்பங்கள், பகவதி கோவில், கீழே கண்ணுக்கெட்டிய தூரம்வரை தென்னை. பத்தொன்பது வருடம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மலையைச் சாகுல் அன்றைக்குத்தான் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டே நோட்டைத் திறந்தார்.

"வழியில எத்தனை இடத்துல உக்காந்தீங்க அக்கா? நிழல் எங்க இருக்கு?"

"சொல்லமாட்டேன். நீங்களே வந்து பாருங்க. பன்னெண்டு மாடி ஏறிட்டீங்கல்ல? பாஸ் லா!"

போனை வைத்துவிட்டு, சாகுல் இழுப்பறையில் தன் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தார். காலாவதியாகி ஐந்து வருடமாகியிருந்தது.